கண்ணிமைக்கும் நேரத்தில்...

கல்லிலே செதுக்கிய சிலையைக் கண்டு அஞ்சுவாரும் உளரோ? புலி பாய்ந்து வருமாயின் அஞ்சலாம். நள்ளிரவிலே கள்வன் கதவை உடைப்பானாயின் அஞ்சலாம். இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு ஆடாது அசையாது நிற்கும் ஒரு கற்சிலை நம்மை என்ன செய்துவிடும்? இவ்வினாவை இன்று பிரித்தானியாவிலே முப்பது வயதை அடுத்து நிற்கும் இளைஞர் பலரிடம் கேட்டால், அவர்கள் நகைத்துக்கொண்டே கூறும் விடை ஒன்றுண்டு: “நாம் அதனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் ஒன்றுஞ் செய்யாது.”

அந்த நகைப்புக்குள்ளே ஒரு சிறு நடுக்கமும் உண்டு. அதனை அவர்களுக்கு அளித்தது 2007ஆம் ஆண்டு யூன் 9ஆந் திகதி ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சிக் கதையாகும். முக்கால் மணி நேரமே ஓடிய அக்கதையைப் பற்றி இரசிகர்கள் அன்று தொடங்கிய வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு கதை எவ்வாறு அச்சமூட்டுகின்றது, அவ்வச்சம் பிள்ளைகளுக்கு நன்றோ தீதோ என்று ஆராய விரும்புவார்க்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைத்தல் அரிது.

அக்கதை இடம்பெற்ற தொடரின் பெயர் ‘டொக்டர் ஹூ’. பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் இதனை முதன்முதல் ஒளிபரப்பிய நாள் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதற்கு மறுநாள் அது. உலகமே துயரில் ஆழ்ந்திருந்த அவ்வேளையிலே வெளிவந்தமையால், முதல் அங்கத்தை அடுத்த வாரம் மீண்டும் ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. கனடா நாட்டவரான சிட்னி நியூமன் இத்தொடருக்கு வித்திட்டார். வெரிற்றி லம்பேட் என்னும் இளம்பெண் தயாரித்தார். முதற் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் இந்தியாவின் இலக்னோ நகரிலே பிறந்தவர். காலத்தையும் வெளியையும் கடந்து செல்லவல்ல ஒருவர், நீலநிறப் பொலிஸ் பெட்டி போன்றதோர் ஊர்தியிலே உலாவி வருவதே கதையின் அடிப்படை. அப்பெட்டி வெளியே சிறியது. உள்ளே மிகப் பெரியது. தலைவராக நடித்த வில்லியம் ஹாட்னெல் 1966இல் விலகியபோது, கதைத்தலைவர் உடல் மாறிப் புத்துருக் கொள்ளும் இயல்பினர் என்று அமைத்துக்கொண்டார்கள். அதனால் நடிகர் மாறினும் தொடர் மாளவில்லை. 1989இல் நின்றுபோன தொடர், 1996இல் வந்த ஒரு தனிப்படம் நீங்கலாக, நெடுங்காலம் உறங்கி, 2005ஆம் ஆண்டு மார்ச் 26இல் மீண்டும் விழித்தெழுந்தது.

சிறுவர்க்கு வரலாறும் விஞ்ஞானமும் புகட்டுதலே இதன் முதல் நோக்கமாயிருந்தது. கோரக் கண்களையுடைய பிராணிகள் எவையும் வரலாகாது என்று நியூமன் விதித்தார். ஆயினும் ஒரு மாதங் கழியுமுன்னரே ‘டாலெக்’ என்னும் இரும்புக் கவச உயிர்கள் திரையிலே தோன்றிவிட்டன. பிள்ளைகள் அஞ்சினார்கள், அஞ்சிக்கொண்டே மறுவாரமும் பார்த்தார்கள். ‘சோபாவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தல்’ என்பது இத்தொடரோடு பிறந்து ஆங்கிலத்திலே நிலைபெற்ற ஒரு மரபுத்தொடராகிவிட்டது. 1991இல் லண்டனிலே நடைபெற்ற கண்காட்சி ஒன்றுக்கு அத்தொடரையே பெயராகச் சூட்டினார்கள்.

ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இத்தொடரின் அச்சம் ஆதிமுதலே வீட்டுப் பொருள்களிலிருந்து பிறந்தது. அந்த நீலப்பெட்டி புறப்படும்போது எழும் விசித்திரமான ஓசையை ஆக்கியவர் பிறையன் ஹொட்ஜ்சன். அவர் தம் தாயாரின் வாயிற்கதவுத் திறப்பை எடுத்துப் பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பியிலே உரைத்தார்; அவ்வோசையை நாடாவிலே பதிந்து திரித்தார்; அவ்வளவே. 1971இல் வந்த ஒரு கதையிலே பிளாத்திக்குப் பூக்களும், பொம்மையும், நாற்காலியும் உயிர்க்கொல்லிகளாயின. நாள்தோறுங் காணும் பொருளொன்று பகையாக மாறுமாயின், அவ்வச்சம் தொலைக்காட்சியை நிறுத்திய பின்னரும் வீட்டிலேயே தங்கிவிடுகின்றதன்றோ?

இது பொறுக்கத்தக்கதோ என்னும் கேள்வி 1976இல் பெரும் பிணக்காக மூண்டது. அவ்வாண்டு நவம்பர் 13ஆந் திகதி வெளியான அங்கத்தின் முடிவிலே, பகைவன் கதைத்தலைவரின் தலையை நீருக்குள் அமிழ்த்திப் பிடிக்கின்றான்; அம்முகம் நீருள் மூழ்கியபடியே காட்சி உறைந்து நின்றுவிடுகின்றது. மேரி வைற்ஹவுஸ் என்னும் அம்மையார், தாம் நிறுவிய நேயர் சங்கத்தின் பெயரால் கடுங்கண்டனம் தெரிவித்தார். அடுத்த அங்கத்துக்கு ஏழு நாள் இருந்தது. தலைவர் பிழைத்தாரா, மாண்டாரா என்று அறியாத சிறு பிள்ளை அவ்வேழு நாளும் அந்த முகத்தை மனத்திலே சுமக்க வேண்டுமே என்பது அவருடைய வாதம். கூட்டுத்தாபனத்தின் பணிப்பாளர் நாயகம் சேர் சாள்ஸ் கரன் வருத்தந் தெரிவித்தார். மூலநாடாவிலே அக்காட்சி குறைக்கப்பட்டது. இரசிகருட் பலர் அம்மையாரை இன்றுவரை பகைவராகவே கொள்வர். நாம் அவ்வாறு கொள்ளமாட்டோம். ஒரு பிள்ளை அச்சத்தைத் தனியே சுமத்தலாகாது என்ற அவருடைய கவலை பொருளுடையது. இக்கேள்வியை மனத்திருத்திக்கொண்டு 2007ஆம் ஆண்டுக் கதைக்கு வருவோம்.

அதன் பெயர் ‘பிளிங்க்’. ‘கண் இமைத்தல்’ என்பது பொருள். எழுதியவர் ஸ்டீவன் மொபற். இயக்கியவர் ஹெற்றி மக்டொனால்ட் என்னும் பெண்மணி. அக்காலத்தில் இரண்டு அங்கங்களை ஒரே வேளையிலே படம்பிடிக்கும் நெருக்கடி இருந்தமையால், கதைத்தலைவராக நடித்த டேவிட் டெனன்ற் இதிலே சிறிது நேரமே தோன்றுகின்றார். கதையைச் சுமப்பவள் சலி ஸ்பரோ என்னும் இளம்பெண். அவளாக நடித்த கரி மலிகன் பின்னர் ஒஸ்கார் பரிசுக்குப் பெயர் குறிக்கப்பட்ட புகழ்பெற்ற நடிகையானார்.

பாழடைந்த வீடொன்றிலே புகைப்படம் எடுக்கச் செல்கின்றாள் சலி. உரிந்து தொங்கும் சுவர்க்கடதாசியை அவள் கிழிக்க, அதன் பின்னே அவளுடைய பெயரையே விளித்து எழுதிய எச்சரிக்கை காணப்படுகின்றது. எழுதப்பட்ட ஆண்டோ 1969! மறுநாள் தோழி கதியையும் அழைத்துச் செல்கின்றாள். வீட்டினுள்ளே முகம் பொத்திய தேவதைச் சிலைகள் நிற்கின்றன. கதவு தட்டப்படுகின்றது. வந்தவன் ஒரு கடிதத்தை நீட்டுகின்றான். அது தன் பாட்டியார் நெடுங்காலத்துக்கு முன் எழுதி, இந்நாளில், இந்நேரத்தில், இவ்விடத்திலே கொடுக்குமாறு பணித்த கடிதம் என்கின்றான். அந்தப் பாட்டி வேறு யாருமல்லள். சில கணங்களுக்கு முன் பக்கத்து அறையிலே நின்ற தோழி கதியே! சிலையொன்று தீண்டியதும் அவள் 1920ஆம் ஆண்டு ஹல் நகரிலே போய் விழுந்தாள். அங்கே மணஞ் செய்து, மக்களைப் பெற்று, மூப்படைந்து, மறைந்தும்விட்டாள்.

‘அழும் தேவதைகள்’ எனப்படும் இச்சிலைகள் உண்மையிலே ஆதிகாலத்து உயிர்கள். எவரேனும் பார்த்துக்கொண்டிருந்தால் கல்லாய் நிற்கும். பார்வை நீங்கினால் மின்னலினும் விரைந்து பாயும். தீண்டப்பட்டவரை இறந்த காலத்துக்கு எறிந்துவிட்டு, அவர் இங்கே வாழ்ந்திருக்க வேண்டிய நாள்களை உணவாகக் கொள்ளும். ஒன்றையொன்று நோக்கினால் அவை என்றும் கல்லாகவே உறைந்துவிடும். முகத்தைப் பொத்தி நிற்பது அதற்காகவேயன்றி அழுகையினால் அன்று.

சிறுவர் விளையாட்டு ஒன்றிலிருந்தே மொபற் இதனைக் கண்டெடுத்தார். ஒருவர் சுவரை நோக்கி நிற்க, மற்றையோர் பின்னாலிருந்து மெல்ல நெருங்குவர். அவர் திரும்பியதும் அனைவரும் அசையாது நிற்றல் வேண்டும். ஐரோப்பியப் பிள்ளைகள் பலரும் அறிந்த விளையாட்டு. வேல்ஸ் நாட்டின் நியூபோட் நகரிலே படமாக்கியபோது, சிலைகளாக நின்றவர்கள் ஒப்பனை செய்த நடிகையரே. ஆயினும் அவர்கள் அசைவது கதை முழுவதிலும் ஓரிடத்திலேனும் காட்டப்படவில்லை. முதலிலே பொத்திய கைகள். அடுத்த நோக்கிலே தாழ்ந்த கைகள். அதற்கடுத்த நோக்கிலே பிளந்த வாயும் கூரிய பற்களும். இடையிலே நிகழ்ந்தது என்ன? அதனைப் பார்ப்பவரின் மனமே படைத்துக்கொள்கின்றது.

இனி, இரசிகரின் வாதங்களைப் பார்ப்போம். இத்தொடரின் இரசிகர்களைப் பொழுதுபோக்குக்குக் கூடும் கூட்டத்தார் என்று தள்ளிவிடுதல் தவறு. அவர்களின் சங்கம் 1976இல் அமைந்தது. 1979இல் தொடங்கிய வாரப் பத்திரிகை மாத வெளியீடாக மாறி நெடுங்காலம் நிலைத்தது. 1960களின் அங்கங்கள் பலவற்றைக் கூட்டுத்தாபனமே அழித்துவிட்டது. ஆயினும் இரசிகர் சிலர் தம் வீட்டு ஒலிப்பதிவுக் கருவிகளிலே பிடித்து வைத்திருந்தமையால் அவ்வங்கங்களின் ஒலி முழுவதும் இன்றும் எஞ்சியுள்ளது. இத்தகையோர் 2009இல் அதுவரை வந்த 200 கதைகளையும் வரிசைப்படுத்தியபோது ‘பிளிங்க்’ இரண்டாமிடம் பெற்றது. அதற்கு முன்னரே, 2008இல், விஞ்ஞானப் புனைகதைக்குரிய ஹியூகோ பரிசும் அதற்குக் கிடைத்திருந்தது.

அவர்கள் எழுப்பும் முதல் வினா: இக்கதையிலே உண்மையாக அச்சந் தருவது எது? சிலை என்பர் ஒரு சாரார். மற்றொரு சாரார் அதனை மறுத்து, பொலிஸ் உத்தியோகத்தன் பில்லியின் காட்சியைக் காட்டுவர். அவன் சலியைக் கண்டு அன்பு கொண்டு, அவளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்குகின்றான். சில நிமிடங்களிலே சிலைகள் அவனை 1969க்கு எறிந்துவிடுகின்றன. அதே நாளில், அதே மழை பெய்துகொண்டிருக்கையில், வைத்தியசாலைக் கட்டிலிலே கிழவனாகக் கிடக்கும் அவனைச் சலி காண்கின்றாள். அம்மழை விடும்வரைக்குமே தன் ஆயுள் என்பதை அவன் அறிவான். இங்கே இரத்தமில்லை; கூக்குரலில்லை; கொலைகூட இல்லை. முழு வாழ்வும் வாழ்ந்துவிட்டானே, இதில் அஞ்சுவதற்கு என்ன உண்டு என்று சிலர் கேட்பர். அதுவன்றோ கொடிது, தன் வாழ்வைப் பிறர் தெரிந்தெடுத்தலினும் கொடுமை உளதோ என்று மற்றையோர் இறுப்பர்.

இவ்வழக்கைத் தமிழ் மாணவன் ஒருவன் கேட்பானாயின், தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலை நினைவுகூர்வான். அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு என்று ஆசிரியர் வகுத்தார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. இத்தேவதைகள் தோற்றத்தால் அணங்கு, பாய்ச்சலால் விலங்கு, செயலாற் கள்வர். பொன்னும் பொருளும் கவரும் கள்வர் அல்லர். நாளைக் கவரும் கள்வர். இரசிகரின் இருசாராரும் ஒரே உருவத்தின் இருவேறு பக்கங்களைக் கண்டு அஞ்சுகின்றனர் என்றே நாம் கருதுகின்றோம்.

இரண்டாவது வினா வேடிக்கையானது: ஒரு கண்ணை மூடி, பின் மறு கண்ணை மூடினால் தப்பலாமே? செய்யலாம், நெடுநேரஞ் செய்யவியலாது. மனிதன் நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 20 தடவை இமைக்கின்றான். ஓர் இமைப்புக்குச் செல்வது ஒரு விநாடியின் பத்திலொரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரையிலான நேரம். கண்ணீரைக் கண்மேற் பரப்பி அதனை உலராது காப்பது இமைப்பின் தொழில். தானாக நிகழும் இமைப்பிலே இரு கண்களும் ஒருங்கே மூடும். அஞ்சி விழித்திருக்குந்தோறும் கண் உலரும். உலருந்தோறும் இமைக்கத் தூண்டும். உயிரைக் காக்க முயலும் முயற்சியே உயிருக்கு உலையாகின்றது. இக்கதையின் கொடிய நுட்பம் இதுவே.

நம் இலக்கியம் பயின்றோர்க்கு இவ்விடத்திலே இன்னொரு காட்சி தோன்றாமற் போகாது. தமயந்தியின் சுயம்வரத்திலே தேவர் நால்வர் நளனுடைய உருவங் கொண்டு அமர்ந்திருந்தனர். ஐந்து நளருள் மெய்நளன் யார் என்று அவள் எவ்வாறு தெளிந்தாள்? புகழேந்திப் புலவர் நளவெண்பாவிலே காட்டும் அடையாளங்களுள் ஒன்று இமைப்பு. தேவர் கண் இமையார். ஆதலின் அவர்க்கு இமையவர் என்றே பெயர். இமைத்தவன் மனிதன், அவன் கழுத்திலே மாலை விழுந்தது. ஆங்கிலக் கதையிலும் இமையாதன தேவதைகள், இமைப்பது மனிதர். அங்கே மனிதனை அடையாளங் காட்டி மணமாலை சூட்டிய அதே இமைப்பு, இங்கே அவனைக் காட்டிக்கொடுக்கின்றது. ஒன்றையொன்று அறியாத இரு கதைகள், மனிதன் என்றால் இமைப்பவன், அதாவது என்றும் விழித்திருக்க இயலாதவன், என்ற ஒரே உண்மையிலே வந்து சந்திக்கின்றன.

மூன்றாவது வினாவை எழுப்புவோர் விஞ்ஞான மாணவர். பார்ப்பதனால் ஒரு பொருள் அசையாது நிற்குமோ? கற்சிலை நில்லாது, ஆயின் அணுக்களின் உலகிலே இதனையொத்த விந்தை ஒன்றுண்டு. கேரளத்துக் கோட்டயத்திலே பிறந்த சுதர்சன் என்பாரும் மிஸ்ரா என்பாரும் 1977இல் இதனை ஆராய்ந்து எழுதினர். நிலைமாறும் இயல்புள்ள ஓர் அணுத்தொகுதியை அடிக்கடி அளந்துகொண்டேயிருந்தால் அதன் மாற்றம் தடைப்படும் என்பது அவர்கள் கண்ட முடிவு. அம்பு பறக்கவேயில்லை என்று வாதித்த கிரேக்க ஞானி சீனோவின் பெயரால் அதனை வழங்கினர். 1990இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றிலே சோதனை வாயிலாகவும் அது காட்டப்பட்டது. பேய்க்கதை ஒன்று பிள்ளையைப் பௌதிக நூலின் வாயிலுக்கு அழைத்துச் செல்லுமாயின், 1963இலே தொடரைத் தொடங்கியோரின் நோக்கம் முற்றும் பழுதாகிவிடவில்லை.

நான்காவது வழக்கு பிந்திய கதைகளைப் பற்றியது. 2010இல் அத்தேவதைகள் மீண்டும் வந்தன. இம்முறை அவை கழுத்தைத் திருகிக் கொன்றன. சிலைகள் தலையைத் திருப்புவதையும் திரையிலே காட்டிவிட்டார்கள். 2012இல் வந்த கதையிலோ, நியூயோர்க் துறைமுகத்துச் சுதந்திர தேவியின் மாபெருஞ் சிலையே நகரத்துள் நடந்து வந்தது. அந்நகரிலே ஒருவர் கண்ணிலேனும் படாமல் அது நடந்தது எவ்வாறு என்று இரசிகர் இன்றும் எள்ளி நகையாடுவர். உருவம் பெருத்தது, எண்ணிக்கை பெருகியது, அச்சமோ சுருங்கியது. இதில் எமக்கு வியப்பில்லை. 1976இலே நீருக்குள் அமிழ்ந்த முகத்தை நேருக்கு நேர் காட்டியோர் பெற்றது கண்டனம். 2007இலே அசைவைக் காட்டாது மறைத்தோர் பெற்றது பரிசு. காட்டப்பட்ட கொடுமை கண்ணைத் தாக்கும்; மறைக்கப்பட்ட கொடுமை அறிவை எழுப்பும். முன்னதைக் கண்ட பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பின்னதைக் கண்ட பிள்ளை, “ஏன்? எப்படி?” என்று கேட்கத் தொடங்கும்.

அக்கேள்வியைக் கேட்பதற்கு அருகே ஒருவர் இருத்தல் வேண்டும். மேரி அம்மையாரின் கவலைக்குரிய விடை இங்கேதான் உளது. இத்தொடர் பெரும்பாலும் சனிக்கிழமை மாலையிலே, தாய் தந்தையரும் பிள்ளைகளும் ஓரிடத்திலே கூடியிருந்து பார்க்கும் வேளையிலே ஒளிபரப்பாகி வந்தது. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகளைப் பற்றி எல்லோரும் பேசுகின்றார்கள். அந்தச் சோபாவின் மேலே அமர்ந்திருந்தவர்களைப் பற்றிப் பேசுவார் இல்லை. பிள்ளை ஒளிந்தது வெறும் மரத்துக்கும் பஞ்சுக்கும் பின்னால் அன்று. தந்தையின் முதுகுக்குப் பின்னால். அங்கே அச்சம் உண்டு, தனிமை இல்லை. காட்சி முடிந்ததும் பேச்சுத் தொடங்கும். சிலை ஏன் முகத்தைப் பொத்தியது, ஒற்றைக் கண்ணால் விழித்திருக்க ஒண்ணாதா என்று வாதிக்கத் தொடங்கிய மாத்திரத்திலே, அச்சம் ஆளும் பொருளாயிருத்தல் நீங்கி ஆராயும் பொருளாகிவிடுகின்றது. இத்தனை ஆண்டுகளாக இரசிகர்கள் செய்துவருவதும் இதுவே. அவர்கள் நடுக்கத்தைப் பேசிப் பேசி அறிவாக்கிக்கொண்டார்கள்.

இன்று நிலைமை வேறு. உள்ளங்கையளவான திரையிலே, போர்வைக்குள்ளே, தனியே இருந்து எதனையும் பார்க்கப் பிள்ளைகளால் இயலும். அங்கே ஒளிந்துகொள்ளச் சோபாவும் இல்லை. கேள்வி கேட்கத் தந்தையும் இல்லை. ஆதலின் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, “இக்கதை என் பிள்ளைக்கு அச்சமூட்டுமா?” என்பது மட்டும் அன்று, “அச்சமுற்ற வேளையிலே என் பிள்ளை யாரிடம் பேசும்?” என்பதுமாகும். அச்சக்கதைகளை அறவே விலக்கி வளர்த்தல் இயலாது, வேண்டியதும் அன்று. பாட்டிமார் சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அன்றோ நாம்! அவற்றை இருளிலே சொன்ன பாட்டிமார் எழுந்து போய்விடவில்லை. உறக்கம் வரும்வரை அருகிலேயே இருந்தார்கள்.

‘பிளிங்க்’ கதையின் ஈற்றிலே, கதைக்கு எவ்விதத் தொடர்புமில்லாத பொதுச்சிலைகள் பல ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டப்படுகின்றன. சதுக்கத்திலும் கட்டட முகப்பிலும் நாள்தோறும் நாம் காணாமலே கடந்துபோகும் சிலைகள் அவை. அடுத்த திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடஞ் சென்ற பிள்ளை வழியிலே ஒரு சிலையைக் கண்டு சற்றே நின்றிருக்கும். பின் தோழனை அழைத்துக் காட்டியிருக்கும். உலகத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கவும், பார்த்ததைப் பிறரோடு பேசவும் கற்பித்த கதையைத் தீயதென்று எவ்வாறு கூறுவது? இமைக்காதே என்று எச்சரித்த அக்கதை பிள்ளைகளின் கண்களை நன்றாகவே திறந்துவிட்டது.